மாவிலங்க மரத்தடியில் வைத்த பூ

வேப்பந்தட்டையிலிருந்து பெரம்பலூர் வரும் பஸ்ஸும் என் வேலையும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. ஒரு பஸ் நூலகம் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே கொண்டுவந்து இறக்கிவிடும். அதை விட்டால் அடுத்தது வந்து சேரும்போது கல்லூரியில் முதல் மணி அடித்து முடிந்திருக்கும். அதனால் எனக்கு எப்போதும் முந்தின பஸ்தான். நூலக உதவியாளராகச் சேர்ந்த புதிதில் அந்தக் காலி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வண்டிகள் நிறுத்தும் கொட்டகையில் நின்று கொசுக்கடி வாங்கினேன். ஒருநாள் கொசுவுக்குப் பயந்து கட்டடத்தின் பின்பக்கம் நடந்தபோதுதான் தாவரவியல் துறையின் தோட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தேன்.

தோட்டம் என்றதும் ஊட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். புல்தரை, ரோஜாப் பாத்தி, நீரூற்று எதுவும் கிடையாது. எப்போதோ ஒரு பேராசிரியர் பிடிவாதமாக நட்டுவிட்டுப் போன மரங்கள், நடுவே செம்மண் பாதை, ஒரு மோட்டார் கொட்டகை, சில கல் பெஞ்சுகள். மரங்களில் பெயர் எழுதிய தகரப் பலகைகள் தொங்கும். பாதிப் பலகைகளில் துரு இருக்கும், பெயர் இருக்காது. செய்முறைத் தேர்வு சமயத்தில் மாணவர்கள் இலை பறிக்க வருவார்கள். மற்ற நாட்களில் ஈ காக்கை வராது என்பார்கள். ஈயும் வரும், காக்கையும் வரும். மனிதர்கள்தான் வர மாட்டார்கள்.

பங்குனி பிறந்தால் அந்த மரங்களுக்குப் புத்தி மாறிவிடும். ஊரே வெயிலைத் திட்டிக்கொண்டிருக்கும் மாதத்தில் அவை மட்டும் கல்யாண வீடு மாதிரி அமர்க்களப்படும். புங்கம் பழைய இலையை உதறிவிட்டுப் பளபளவென்று தளிர்க்கும். அதன் பூ பொரி கொட்டியது போலப் பாதையை மூடிவிடும். வேப்பம்பூ வாசனை மோட்டார் கொட்டகை வரை வரும். இலுப்பைக்குக் கீழே ஒரு தித்திப்பு வாடை அடிக்கும். சிலருக்கு அது பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். எனக்கு உயிர் மாவிலங்கம். இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்ற மரம் ஒரு காலையில் உச்சியிலிருந்து வெள்ளை வெளேரென்று பூத்து நிற்கும். அந்த வெள்ளை போகப்போக மஞ்சளாகும். ஒரே கொத்தில் நேற்றைய பூ ஒரு நிறம், இன்றைய பூ ஒரு நிறம். அதைப் பார்ப்பதற்காகவே அந்தப் பாதையில் போவேன், திரும்புவேன், மறுபடி போவேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் தனியாக நிற்க வேண்டுமானால் கையில் காரணம் இருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கலாம், ரேஷனுக்கு நிற்கலாம், சாமிக்கு நிற்கலாம். நடக்க வேண்டுமானால் சுகர் வந்திருக்க வேண்டும். சும்மா நடந்தேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தத் தோட்டத்தில் என்னிடம் காரணம் கேட்க ஆள் இல்லை. அம்மாவுக்கு ஒரு முகம், கண்டக்டருக்கு ஒரு முகம், புத்தகத்தைத் திருப்பித் தராத மாணவர்களுக்கு ஒரு முகம் என்று நாள் முழுக்க மாற்றி மாற்றி வைத்துக்கொள்பவள் நான். அங்கே எதையும் வைத்துக்கொண்டதில்லை. அங்கே என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. தெரியத் தேவையும் இல்லை.

இதை ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன். அப்பாவிடம்.

அப்பா மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற விவசாயி. ஒரு செடியைக் காட்டினால் என்ன விளையும் என்று கேட்பாரே தவிர, அழகு என்ற பேச்சே அவரிடம் கிடையாது. ஆனால் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் மொபெட்டோடு காத்திருந்து என்னை ஏற்றிக்கொண்டதும் கேட்கும் முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன பூத்துச்சு பாப்பா?" என்பதுதான். வண்டி இரைச்சலில் நான் அவர் காதருகே கத்திக்கத்திச் சொல்லுவேன். புங்கம் முடிஞ்சிருச்சுப்பா. மகிழம் ஆரம்பிச்சிருக்கு. அவர் தலையை ஆட்டுவார். அவருக்கு அதெல்லாம் எதற்கு என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. மகள் மேல் பாசம், கேட்கிறார் என்று நினைத்தேன். முதல் சில வருஷங்கள் அது பாசம்தான் என்று இப்போதும் நம்ப விரும்புகிறேன்.

எனக்கு முப்பது தாண்டியிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் குறைவில்லை. வந்து, தின்று, பார்த்துவிட்டு, "பொண்ணு மூஞ்சி குடுத்துப் பேசல" என்று சொல்லி அனுப்புவார்கள். உண்மைதான். நான் கல்யாணமே வேண்டாமென்று சபதம் எடுத்தவள் இல்லை. முன்பின் தெரியாத ஏழெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து தலை முதல் கால் வரை பார்ப்பது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். கடைசியாக வந்தவர்களில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் என்னை வாசல் வரை நடந்துவிட்டு வரச் சொன்னார். காலில் ஏதும் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கவாம். நடந்தேன். வாசல் வரை நடந்தேன், வாசலைத் தாண்டி நடந்தேன், மாட்டுக் கொட்டகை வரை நடந்துபோய் அங்கேயே உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் போகும்வரை திரும்பவில்லை.

அம்மா அன்றைக்குத் திட்டிய திட்டு மாட்டுக்கே புரிந்திருக்கும். அப்பா திட்டவில்லை. கொட்டகைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வைக்கோலைக் கிள்ளிக்கொண்டிருந்துவிட்டு என் தலையில் கை வைத்துச் சொன்னார். "இனிமே உன்னைக் கேக்காம ஒருத்தர் உன்னைப் பாக்க வர மாட்டாங்க பாப்பா. அப்பா இருக்கேன்ல."

எனக்கு அன்று அழுகை வந்தது. இந்த வீட்டில் எனக்கு ஒரு வேலி இருக்கிறது என்று நினைத்தேன்.

போன வருஷம் பங்குனியில் மாவிலங்கம் என்றுமில்லாத அளவுக்குப் பூத்தது. பூத்த அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன். கல் பெஞ்சு முழுக்கப் பூ கிடக்குதுப்பா, நாளைக்கு அங்கதான் உக்காந்து சாப்பிடப் போறேன் என்றேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் அந்தப் பெஞ்சில் ஒரு பெரியவரும் ஒரு அம்மாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் வெள்ளை வேட்டி, அந்த அம்மா மடியில் மஞ்சள் பை. மோட்டார் கொட்டகை நிழலில் ஒரு ஆள் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். தேர்வு எழுத வந்தவனுக்குத் துணையாக வந்தவன் போலிருக்கிறது, இத்தனை பூவை விட்டுவிட்டு அதில் என்ன பார்க்கிறானோ என்று எரிச்சலாக இருந்தது. என் இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பப் போனேன்.

அந்த அம்மா கூப்பிட்டு, இது என்ன மரம் என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அந்தத் தோட்டத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும் என்னால் நிறுத்த முடியவில்லை. வெள்ளைப் பூ எது, மஞ்சள் பூ எது, எது இன்றைக்குப் பூத்தது என்று கொத்தை வளைத்துக் காட்டினேன். பக்கத்தில் நின்ற மகிழ மரத்துக்குக் கூட்டிப்போனேன். மகிழம்பூ காய்ந்தாலும் வாசம் போகாது, துணிக்கு நடுவில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி, தரையில் கிடந்ததை இரண்டு கையாலும் அள்ளி அவர் கையில் கொடுத்தேன். என்ன சொன்னேனோ, எதற்குச் சிரித்தேனோ, நான் சிரிக்கச் சிரிக்க அவரும் சிரித்தார். அப்புறம் மஞ்சள் பையைத் திறந்து வாழையிலையில் சுற்றிய மல்லிகைச் சரத்தை எடுத்தார்.

"வெறுந்தலையோட நிக்கிறியே கண்ணு. செத்த திரும்பு."

நான் திரும்பினேன். தலையையும் குனிந்தேன். ஒரு பெரிய மனுஷி பூ வைத்துவிடுகிறார், அதில் என்ன இருக்கிறது? அன்று நாள் முழுக்க நூலகத்தில் மல்லிகை மணத்தது. தனியாக நடப்பதைக் கெடுத்தார்களே என்ற கோபம்கூட எனக்கு இல்லை. இப்படி நல்லவர்கள் என்றைக்காவது வந்தால் வரட்டும் என்று தோன்றியது. சாயங்காலம் மொபெட்டில் அப்பா வழக்கம்போலக் கேட்டார். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினார். பிறகு, "நல்ல மனுஷங்களா இருப்பாங்க போலருக்கு" என்றார்.

அந்த வார வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் நுழையும்போதே கேசரி வாசனை. அம்மா முகத்தில் நான் பல வருஷமாகப் பார்க்காத மலர்ச்சி. என்ன விசேஷம் என்றால், "ஒண்ணுந் தெரியாதவ மாதிரி கேக்குறா பாரு" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டு, போனை எடுத்துக் காட்டினாள். அதில் நான் இருந்தேன். மாவிலங்க மரத்தடியில் தலையைக் குனிந்து நிற்கிறேன். அந்த அம்மா என் பின்னால் நின்று பூ வைக்கிறார். இன்னொரு படத்தில் கை நிறைய மகிழம்பூவோடு வாய்விட்டுச் சிரிக்கிறேன். எடுத்தது மோட்டார் கொட்டகை நிழலில் நின்ற ஆள். மாப்பிள்ளை. அரியலூர்ப் பக்கம், சிமெண்ட் கம்பெனியில் வேலை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் பூ வைத்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. அதற்குப் பிறகு வேண்டாமென்றால் வாக்கு மாறிய குடும்பம் என்று பெயர். அதைச் சபை கூட்டி, தட்டு வைத்து, நாலு பேர் முன்னால் செய்வார்கள். பெண்ணைக் கோயிலிலோ கடைத்தெருவிலோ அவளுக்குத் தெரியாமல் பார்த்துவிட்டுப் போகிற வழக்கமும் உண்டு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு, என் தோட்டத்தில், என் மரத்தடியில், எனக்குத் தெரியாமல் எனக்குப் பூ வைத்து முடித்திருந்தார்கள். நான் குனிந்து வாங்கியிருந்தேன்.

அப்பா மூலையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் அவரைத்தான் பார்த்தேன். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பார்கள். வேலியிடமேதான் கேட்டேன். என்னைக் கேக்காம யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னீங்களே என்றேன்.

"வூட்டுக்கு யாரும் வரலயே பாப்பா" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் நிமிரவில்லை. பிறகு, எனக்குப் புரியவைத்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு மெதுவாகச் சொன்னார். அதற்கு முந்தின வருஷம் ஒருநாள் நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போனேனாம். மக்காச்சோள விலை விசாரிக்க டவுனுக்கு வந்தவர் அதைக் கொடுக்கலாம் என்று தோட்டத்துப் பக்கம் வந்தாராம். நான் தனியாக நடந்துகொண்டிருந்தேனாம். பாத்திரத்தை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுக் கூப்பிடாமலே திரும்பிவிட்டாராம்.

"தானா சிரிச்சிக்கிட்டு நடக்குற பாப்பா. வூட்ல நீ அப்படி இருந்து நாங்க பாத்ததே இல்ல. இங்க வர்றவங்ககிட்ட மூஞ்சிய தூக்கி வச்சிக்கிற, வேணாம்னு போயிடுறாங்க. அந்த மூஞ்சியப் பாத்தா யாரு வேணாம்பாங்க? அதைக் காட்டாம எதைக் காட்டறது?"

நான் கையிலிருந்த பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்த வரவில்லை. யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஒன்றை ஒருவர் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறார். அதோடு விடாமல், ஆளை வரவழைத்துக் காட்டியிருக்கிறார். அதற்கு வழி சொன்னதும் நான்தான். எந்த மரம், எந்தப் பெஞ்சு, எந்த நேரம் எல்லாம் நானே அவர் காதில் கத்திச் சொல்லியிருக்கிறேன். கேசரியை யாரும் தொடவில்லை. அம்மா மட்டும், இவ்வளவு நல்ல இடத்துக்கு என்ன கொறச்சல் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். குறை எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அரியலூர் பஸ் ஏறினேன். தெருவின் பெயரை அம்மாவே பெருமையாகச் சொல்லியிருந்தாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோடு அது. இரண்டு பக்கமும் புளியும் வேம்பும் இலை தெரியாமல் வெள்ளைத் தூசி போர்த்தி நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் பூத்திருக்கிறது என்று ஏமாந்துபோவோம். அந்த அம்மாவும் என்னை இப்படி ஏமாற்றியவர்தான், நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொற்களை அடுக்கி வைத்துக்கொண்டு போனேன்.

அந்த அம்மா வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைத் தனியாகப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் அடுக்கிய சொற்கள் எல்லாம் சரிந்துவிட்டன. நான் நேராகவே சொன்னேன். நீங்க யாருன்னு எனக்கு அன்னைக்குத் தெரியாதும்மா. பெரியவங்க ஆசையா பூ வைக்கிறீங்கன்னு நெனச்சேன். கல்யாணத்துக்குச் சம்மதிச்சு வாங்குன பூ இல்லம்மா அது.

அவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "மரத்தைப் பத்தி அவ்ளோ பேசுனியே கண்ணு?"

"நீங்க கேட்டீங்க. அதான் சொன்னேன்."

"எங்களை அங்க வரச் சொன்னதே நீதான்னு உங்கப்பா சொன்னாரும்மா. வூட்ல வச்சுப் பாக்க வெக்கப்படுறா, பாப்பாதான் தோட்டத்துக்கு வரச் சொன்னான்னு சொன்னாரு. அந்த மரத்து பேரக் கேளுங்க, பேசுவான்னாரு. இல்லன்னா நான் வந்திருப்பேனா?"

அதுவரைக்கும் அப்பா எனக்குத் தெரியாமல் செய்தார் என்றுதான் நினைத்திருந்தேன். நான் சொன்னதாகச் சொல்லியிருக்கிறார் என்பது எனக்கு அங்கே, அந்த மோர் டம்ளரைக் கையில் வைத்திருக்கும்போதுதான் தெரிந்தது. ஏமாந்தது நான் மட்டுமில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவும்தான். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அவர் மகன் வீட்டில் இல்லை. இருந்திருந்தால் அந்தப் படங்களை அழிக்கச் சொல்லியிருப்பேன். அந்த அம்மாவிடமே சொன்னேன், அழிக்கச் சொல்றேன் என்றார்.

கிளம்பும்போது இரு என்று உள்ளே போனார். பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்திருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்துவந்தார். நான் அள்ளிக் கொடுத்த மகிழம்பூ, காய்ந்து பழுப்பாகியிருந்தது. சம்பந்தம் முறிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது முறை. அவர் முறை தவறாமல் அதை என் கையில் வைத்தார். "தெரிஞ்சிருந்தா வச்சிருக்க மாட்டேன் கண்ணு. மனசுல வச்சிக்காத. போயிட்டு வா."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது மணத்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. பூ என்ன செய்யும்?

வீட்டில் நடந்ததை விரித்துச் சொல்ல விருப்பமில்லை. அம்மா சில வாரம் என்னோடு பேசவில்லை. சொந்தக்காரர்கள் அப்பாவை வாக்கு மாறியவர் என்றார்கள். நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். நான் வரச் சொன்னேன்னு ஏம்பா சொன்னீங்க? உன் நல்லதுக்குத்தான் என்றாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அதைக்கூடச் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஆனால் மறுநாள் காலை வழக்கம்போல மொபெட்டை எடுத்துவைத்துக்கொண்டு நின்றார். நானும் ஏறிக்கொண்டேன். எங்கள் ஊரில் அப்பாவோடு சண்டை போட்டாலும் பஸ் ஸ்டாப்புக்கு அவர் வண்டியில்தான் போக வேண்டியிருக்கிறது.

இந்தப் பங்குனியிலும் நடக்கிறேன். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் பாதையில் கால் வைக்கும் முன் பெஞ்சுகளைப் பார்க்கிறேன், மோட்டார் கொட்டகை நிழலைப் பார்க்கிறேன். யாரும் இல்லாவிட்டாலும் யாரோ பார்க்கிற மாதிரியே முகத்தை வைத்துக்கொள்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை, தானாக வருகிறது. மரங்களுக்கு ஒன்றும் குறையில்லை. மாவிலங்கம் இந்த வருஷமும் பூத்தது. நான்தான் அங்கேயும் ஒரு முகத்தோடு நடக்கிறேன். இதை எண்ணும்போது அப்பா மேல் வருகிற கோபம், அந்தப் பூ வைத்த விஷயத்தில்கூட வந்ததில்லை.

போன வாரம் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினேன். அப்பா நின்றார். ஒரு வருஷமாகக் கேட்காதிருந்தவர், அன்று என்ன தோன்றியதோ, வண்டியைக் கிளப்பாமல் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"இன்னைக்கு என்ன பூத்துச்சு பாப்பா?"

"ஒண்ணும் பூக்கலப்பா" என்றேன்.

அவர் என் தோளைப் பார்த்தார். துப்பட்டாவில் புங்கம்பூ ஒட்டிக்கொண்டிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன். அவர் கை நீட்டி அதை எடுத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.